சாமான் அறையில் ஒரு மூச்சு

பிலிமத்தலாவையிலிருந்து வந்தவர்கள் கதிரைகளில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள், வீட்டின் பின்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

முத்துலிங்கத்துக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்று மணியிலிருந்து அவருடைய காது அந்தச் சத்தத்தை விட்டு விலகவில்லை. பின்கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. கீழே மஹய்யாவ ஏற்றத்தில் முச்சக்கரவண்டிகள் முனகிக்கொண்டு ஏறின. சமையலறையில் எண்ணெய் பொரிந்தது. இத்தனைக்கும் அடியில், அடைத்த குழாயில் காற்றுச் சீறுவதுபோல அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போது இல்லை. ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வேட்டி மடிப்பை நீவிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்க வீட்டுப் படி தொண்ணூறுக்கு மேல இருக்கும் போல சேர்," என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் சந்திரகுமார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "ஏறி வந்ததுல எனக்கே மூச்சு வாங்குது. நாளைக்கிப் பொண்ணை இறக்கிக் கொண்டுபோக ரெண்டு ஆளு வேணும்."

"மாமா, ஒங்க வயித்தை இறக்கத்தான் ரெண்டு ஆளு வேணும்," என்றான் மாப்பிள்ளை கிருஷாந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞர். அடக்கமான முகம். அவனுடைய தாயார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்கள் சுவர்களையும், கூரை மூலைகளையும், நடுவீட்டையும் சமையலறையையும் பிரிக்கும் நீலத் திரைச்சீலையையும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தன.

முத்துலிங்கமும் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் சுகாதாரமும் விஞ்ஞானமும் படிப்பித்து, உபஅதிபராக ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் மாநகரசபையில் கூலியாளாக இருந்து செத்தவர். இந்தத் தெருவில் முதன்முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கி, முதன்முதலில் ஓடு போட்டு, கோயில் திருவிழாவில் முதல் மாலை வாங்கும் இடத்துக்கு வந்தவர் இவர். அந்தப் பெயரை அவர் தனியாகக் கட்டினார். அதில் ஒரு கல் ஆடினாலும் தெரு முழுவதும் கைகொட்டிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஏற்கெனவே ஒரு தடவை ஆடியது. இரண்டு வருடத்துக்கு முன் மாத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், அவருடைய தங்கை வீரம்மா யாரும் கூப்பிடாமலே வந்து நின்றாள். மருமகளைப் பார்க்க வந்தவர்கள் என்ற ஆசை. ஐம்பத்தாறு வயதில், கல்யாணம் காணாத அவளுக்கு வேறு ஆசை இல்லை. "வாங்க" என்று ஒரு சொல் சொல்வதற்குள் இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு கூடாக ஏறி, கழுத்து நரம்பு புடைத்து, அந்தச் சீறல். மறுநாள் தொலைபேசியில் பதில் வந்தது: "ஒங்க பக்கம் பரம்பரை இழுப்பு இருக்காமே. எங்களுக்கு ஒத்து வராது." மகள் நிஷாந்திக்கு இப்போது முப்பத்தொன்று.

ஆகவே இந்த முறை வீரம்மாவைக் கீழ்வீட்டு றமீஸாவிடம் மத்தியானமே அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. மனைவி பரிமளமும் மகளும் அவள் போய்விட்டதாகவே எண்ணி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வந்ததில் வீரம்மாவால் பத்துப் படிகூட இறங்க முடியவில்லை. முத்துலிங்கம் அவள் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தார்.

"அண்ணே, பம்ப்பை மட்டும் குடுங்க."

"அது அடிக்கிற சத்தம் நடுவீடு வரைக்கும் கேக்கும். அவங்க போனதும் தர்றேன்."

"மூச்சு… முடியல்லண்ணே."

"சத்தம் வெளிய வரப்படாது. சொல்லிட்டேன். இது ஒன் மருமகளோட வாழ்க்கை."

அவள் தலையாட்டினாள். அவர் மருந்துப் பம்ப்பைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

"குடும்பத்துல யாருக்கும் நோய் நொடி ஏதும்?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். கேள்வி அவரிடம், பார்வை திரைச்சீலையில்.

"எங்க பரம்பரையில காய்ச்சல்னு படுத்தவங்ககூட இல்ல," என்றார் முத்துலிங்கம்.

"நல்லதுங்க. இந்தக் காலத்துல வெளிப்படையாப் பேசிக்கிறதுதான் நல்லது."

வெளிப்படையாம். பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக்கடை இருந்துவிட்டால் ஊரையே விசாரிக்கும் அதிகாரம் வந்துவிடுகிறது என்று மனத்துக்குள் கறுவினார். அப்போதுதான் அந்த அமைதி அவரை உறுத்தத் தொடங்கியது. இழுப்பு அப்படி நிற்காது. அவருக்குத் தெரியும். தணியும்போது மெல்ல மெல்லத் தணியும், சளி உடையும், இருமுவாள். கத்தியால் அறுத்ததுபோல நிற்பதில்லை.

"தேத்தண்ணி என்னாச்சுன்னு பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்தார்.

சமையலறையில் பரிமளம் முதுகு காட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் இரைச்சலில் அவர் கடந்து போனது அவளுக்குக் கேட்கவில்லை. பின் நடையில் இருட்டு. ஈரச் சுவரின் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, வீரம்மா நெஞ்சில் தடவும் தைலத்தின் காரம். பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தார்.

வீரம்மா அரிசி மூட்டையிலிருந்து சரிந்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. ஒரு துவாயை நாலாக மடித்து வாய்க்குள் திணித்து, அதன்மேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்திருந்தாள். கைகள் இன்னும் அப்படியே இருந்தன. நகங்கள் கத்தரிப்பூ நிறம்.

அவர் துவாயை இழுத்தெடுத்தார். அது நீளமாக வந்தது. பம்ப்பை வாயில் வைத்து அழுத்தினார். மருந்துப் புகை உதட்டில் பட்டு வெளியே கலைந்தது. உள்ளே இழுப்பதற்கு எதுவும் இல்லை.

பிறகு அவர், வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் காட்டியதுபோல, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நெஞ்சையே கவனித்தார். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை சுவாசிப்பார். உட்சுவாசத்தில் விலா என்புகள் உயரும், நெஞ்சுக்கு அடியிலுள்ள பிரிமென்றகடு இறங்கும், அரை லீற்றர் காற்று உள்ளே போகும். வெளிச்சுவாசத்தில் எல்லாம் திரும்பும். பிள்ளைகள் ஒருவரையொருவர் எண்ணிச் சிரிப்பார்கள். முழு நிமிடமும் எண்ணினார். ஒன்றுகூட இல்லை.

நடுவீட்டிலிருந்து சந்திரகுமாரின் சிரிப்பு வந்தது.

சாவு விழுந்த வீடு. பெண் பார்க்க வந்த நாளில், வந்த நேரத்தில். இனி எந்த ஊரிலிருந்து யார் இந்தப் படியேறுவார்கள்? பூட்டிய கதவைப் பற்றி என்ன சொல்வது? யாரிடம்? முத்துலிங்கம் அதிக நேரம் யோசிக்கவில்லை. அவர்கள் இன்னும் அரை மணியில் போய்விடுவார்கள். அதன் பிறகு றமீஸா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள், வந்ததும் விழுந்தாள் என்று சொல்லலாம். வீரம்மா அரை மணி காத்திருப்பாள். வாழ்நாள் முழுவதும் காத்திருந்தவள்தானே.

கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். சமையலறை வாசலுக்கு வந்தபோது முதுகுக்குப் பின்னால் அது கேட்டது.

நீளமாக ஒரு உள்மூச்சு.

நின்றார். மழை. எண்ணெய். பிறகு, அதே நீளத்தில், அது வெளியே வந்தது. இழுப்பு இல்லை. சீறல் இல்லை. வீரம்மா ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட விடாத மூச்சு அது. ஆழமாக, அடைப்பில்லாமல், நிறைந்து வந்தது.

திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்குக் கால் வரவில்லை. நடுவீட்டுக்கு வந்து தம் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன சேர், வேர்த்திருக்கு?" என்றார் சந்திரகுமார்.

"அடுப்படி வெக்கை."

மாப்பிள்ளையின் தாயார் தம் கடையைப் பற்றியும், மேல்மாடி கட்டுவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். முத்துலிங்கம் தலையாட்டிக்கொண்டே எண்ணினார். அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐந்து விநாடிக்கு ஒன்று. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. சுவருக்கு அப்பாலிருந்து, தூங்குகிறவர் மூச்சைப்போல ஒழுங்காக. நீலத் திரைச்சீலை அதற்கேற்ப அசைவதைக் கண்டார். உள்ளே இழுபட்டு நிலையோடு ஒட்டியது. நின்றது. வெளியே புடைத்தது. யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

சந்திரகுமார் கொட்டாவி விட்டார். வாயைப் பெரிதாகத் திறந்து, கண்ணில் நீர் வர. "மன்னிக்கணும் சேர். ஒங்க வீட்டுல நல்லாத் தூக்கம் வருது." அவர் வாயை மூடுவதற்குள் கிருஷாந்தன் விட்டான். பிறகு அவனுடைய தாயார், கையால் மறைத்துக்கொண்டு. மறுபடி சந்திரகுமார். முத்துலிங்கத்துக்கும் தாடை வலித்தது. பல்லைக் கடித்து அடக்கினார். காற்றுப் போதவில்லை. நால்வருக்குத் தாராளமாகப் போதும் அந்த அறையில் காற்றுக் குறைந்துகொண்டே வந்தது.

"உள்ளுக்கு யாரும் தூங்குறாங்களா?" மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"இல்லையே."

"மூச்சு விடுற சத்தம் மாதிரி கேட்டுச்சு."

"பீலியில தண்ணி போற சத்தம். மழைக்கு அப்படித்தான்."

மாப்பிள்ளையின் தாயார் நம்பவில்லை. கதிரையில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கிறேன்னு கோவிக்கப்படாது. ஒங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்களாம். இழுப்புக்காரின்னு சொன்னாங்க. மாத்தளையில எங்க சொந்தம் இருக்கு சேர். எதுவும் காதுக்கு வராம இருக்குமா?"

முத்துலிங்கத்தின் காதுகளில் இரத்தம் ஏறியது. "அவ ஊர்ல இல்ல. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பொறாமை பிடிச்சவங்க சொன்னதை நம்பி இந்தப் படியேறி வந்தீங்களா?"

"அக்கா, விடுங்க," என்றார் சந்திரகுமார்.

"விடுறதுக்கு என்ன இருக்கு? ஆளைக் கண்ணால பாத்தா முடிஞ்சிச்சு."

திரைச்சீலை விலகியது.

நிஷாந்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். தலை குனிந்திருந்தது. மாம்பழ நிறச் சேலை. அவளுக்குப் பின்னால் பரிமளம், வடைத் தட்டும் முகம் நிறைந்த சிரிப்புமாக. பரிமளத்துக்குப் பின்னால் வீரம்மா.

முத்துலிங்கத்தின் கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

"இந்தா, வந்துட்டா பாருங்க," என்றாள் பரிமளம். "இவரு தங்கச்சி. வீரம்மா, கீழ் வீட்டுல இருந்து எப்படி வந்த இந்த மழையில? சேலையில ஒரு பொட்டு ஈரமில்ல!"

வீரம்மா சிரித்தாள். வாய் திறக்காத சிரிப்பு. தலை வாரியிருந்தாள். வாயின் இரண்டு ஓரத்திலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் நேராக உட்கார்ந்தாள்.

"நீங்கதானா? சுகமா இருக்கீங்களா?"

தலையாட்டினாள்.

"பேச மாட்டீங்களா? வெக்கமா?" தாயார் அவள் கையைத் தொட்டார். "ஐயோ, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சிருச்சே. கண்டிக் குளிரு இல்லையா." பிறகு சந்திரகுமாரிடம் திரும்பி, வெற்றியோடு சொன்னார்: "பாத்தியா தம்பி? நீயெல்லாம் மூச்சு வாங்குன படியை இவங்க ஏறி வந்திருக்காங்க. ஒரு எளைப்பு இருக்கா? என்னா மாதிரி அமைதியா இருக்காங்க! இவங்களையா இழுப்புக்காரின்னு சொன்னாளுக? நாக்கு அழுகிப்போகும்."

முத்துலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீரம்மாவின் நெஞ்சைப் பார்த்தார். மண் நிறச் சேலையின் மடிப்பு ஒன்று, தோளிலிருந்து இடுப்புவரை. அது அசையவில்லை. பத்து விநாடி. முப்பது. நிஷாந்தி அத்தையின் தோளில் கை வைத்துக் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். மடிப்பு அசையவில்லை. அறுபது. கண் இமைக்கவும் இல்லை. அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னாலிருந்து மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே. வெளியே. பூட்டிய அறையில், யாரும் இல்லாமல்.

உடம்பு இங்கே. மூச்சு அங்கே.

"எங்களுக்குச் சம்மதம் சேர்," என்றார் மாப்பிள்ளையின் தாயார். "பொண்ணைப் பிடிச்சிருக்கு. குடும்பத்தையும் பிடிச்சிருக்கு. சும்மா சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிருங்க. நீங்க வீட்டுக்குப் பெரியவங்க. ஒரு வாய் வார்த்தை சொல்லிட்டா, வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

பரிமளம் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம். பெரியவர் வாய் திறந்து சொன்னால்தான் சம்பந்தம். இத்தனை வருடம் அவர் காத்திருந்த நிமிடம். நிஷாந்தி கண்ணை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழப்போகிறவள்போல இருந்தாள்.

பூட்டுச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கிட்டே வந்தது.

சமையலறையில் அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. திரைச்சீலை புடைத்து விலகி மறுபடி விழுந்தது. நடுவீட்டுக்குள் இப்போது. உள்ளே. வெளியே. சந்திரகுமாரின் நரைமுடி பறந்து படிந்தது. அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். கிருஷாந்தனின் கோப்பையிலிருந்த ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு யாரையோ தேடியது. ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்றது. நிஷாந்தியின் நெற்றி முடி அசைந்தது. அவள் உதடுகள் சற்றுத் திறந்திருந்தன.

வாயை மூடு, மகளே.

சொல்ல வேண்டும் என்று எண்ணினார். சொல்லவில்லை. அது அவளை விட்டு நகர்ந்தது.

தைல வாசனை. ஈரத் துவாயின் வாசனை. குளிர்ந்த காற்று ஒன்று அவருடைய மீசையில் பட்டது. மூக்கு நுனியில். உதட்டில். அங்கே நின்றது.

முத்துலிங்கம் வாயை இறுக மூடினார். மூக்கையும் அடக்கிக்கொண்டார்.

"சொல்லுங்க சேர்," என்றார் சந்திரகுமார்.

பேச்சு வெளிமூச்சில்தான் வரும். அதற்கு முதலில் உள்ளே இழுக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. இழுத்தால் அது உள்ளே வரும்.

"என்னங்க," பரிமளம் அவர் தோளைத் தொட்டாள். "காத்திருக்காங்க."

இருபது விநாடி. இருபத்தைந்து.

"சேருக்குச் சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு," யாரோ சிரித்தார்கள்.

நாற்பது. விலாவுக்குள் நெருப்பு. கண் ஓரங்கள் கறுத்தன. சாவி இடுப்பில் குத்தியது. எழுந்து ஓட முடியவில்லை. ஓடினால் மூச்சு வாங்கும்.

"அப்பா?" நிஷாந்தி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஒங்களுக்கு விருப்பம் இல்லையாப்பா?"

அறுபது.

தானாகத் தன் மூச்சை அடக்கிச் சாக ஒருவராலும் முடியாது. மனம் விடாவிட்டாலும் உடம்பு விடும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறும். மூளையின் அடியிலிருந்து கட்டளை வரும். தசை தானாகச் சுருங்கும். அதற்கு மானம் தெரியாது. குலம் தெரியாது.

அவர் நெஞ்சு ஒரு தடவை உதைத்தது. அடக்கினார். மறுபடி உதைத்தது.

எதிரில் வீரம்மா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை.

மூன்றாவது உதை வந்தது. அவருடைய உதடுகள் தாமாகப் பிரிந்தன. தாம்பாளத்தில் இருந்த வெற்றிலைகள் ஒவ்வொன்றாக நுனி தூக்கி, அவர் வாயை நோக்கித் திரும்பின.